ஈ. வெ. இராமசாமியும் கர்ப்பத்தடையும்

ஈ. வெ. இராமசாமி (செப்டம்பர் 17, 1879 – டிசம்பர் 24, 1973) சுயமரியாதை இயக்கத்தைத் தோற்றுவித்த சமூகச் சீர்திருத்தவாதி ஆவார். பெரியார் என்று பரவலாக அறியப்படுகிறார். குடும்பக் கட்டுப்பாடு அரசுத் திட்டமாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, கர்ப்பத்தடை என்னும் பெயரில் அதனைத் தமிழில் வலியுறுத்தியவர்களுள் இவர் முதன்மையானவர்.

வாழ்க்கை

ஈரோட்டில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். 1898இல் நாகம்மையாரை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்தது. 1925 மே மாதம் குடிஅரசு இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரசு மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் அக்கட்சியிலிருந்து வெளியேறினார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறியது. 1944இல் திராவிடர் கழகம் உருவானது.

கர்ப்பத்தடைக் கருத்துகள்

அக்காலத்தில் கர்ப்பத்தடையை ஆதரித்தோர் வேறு சிலரும் இருந்தனர். சென்னையில் நீதிபதி வேபா இராமேசம் போன்றோர் மால்தசின் கொள்கையைப் பின்பற்றி, மக்கள்தொகைப் பெருக்கமே வறுமைக்குக் காரணம் என்றனர். காந்தியோ செயற்கை முறைகளை ஏற்கவில்லை. 1935இல் தம்மைச் சந்தித்த மார்கரெட் சாங்கரிடம் புலனடக்கத்தையே வலியுறுத்தினார்.

1930இல் குடிஅரசில் எழுதியபோது பெரியார் இவ்விரு தரப்பினரிடமிருந்தும் விலகி நின்றார். நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம், குடும்பச் சொத்து சிதறாமை ஆகியவை பிறர் கூறிய காரணங்கள். இவருக்கு அவை இரண்டாம் நிலையே. பிள்ளை பெறும் கட்டாயமே பெண்ணை ஆணைச் சார்ந்து வாழச் செய்கிறது என்றும், பெண் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். பெண்கள் பெறுவதை நிறுத்தினால் மனித இனம் பெருகாதே என்ற மறுப்பையும் அவர் பொருட்படுத்தவில்லை. அன்றைய வாசகர்களைத் திடுக்கிட வைத்திருக்கக்கூடிய பகுதி இதுவே. இக்கருத்துகள் பின்னர் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலில் இடம்பெற்றன.

அரசுத் திட்டமும் அறுவை சிகிச்சையும்

பெண்ணின் கருக்குழாய்களைக் கட்டும் நிலையான கருத்தடை, 1880இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் லங்ரன் செய்ததிலிருந்து தொடங்குவதாகக் கருதப்படுகிறது. இந்திய அரசு 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை மாநிலம் 1950களிலேயே அறுவை சிகிச்சை செய்துகொள்வோருக்கு ஊக்கத்தொகை வழங்கியது. அரசு முன்வைத்த காரணம் மக்கள்தொகையே. பெண் விடுதலை அன்று. தொடக்கத்தில் ஆண்களே மிகுதியாகச் செய்துகொண்டனர்.

பெரியார் வேலூரில் காலமானார். 1975–77 நெருக்கடி நிலையின்போது வட மாநிலங்களில் ஆண்களுக்குக் கட்டாய அறுவை சிகிச்சை செய்யப்பட்டதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் திட்டத்தின் சுமை பெண்கள் மீது சாய்ந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான சிகிச்சை இதைவிட எளிதாயினும், அதனைச் செய்துகொண்டோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.