ராமனின் நிழலில் மறைந்த காந்தவியல் மேதை

இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு பிறந்த கே.எஸ். கிருஷ்ணனை, ராமன் விளைவின் உடனாய்வாளராக மட்டுமே நாம் நினைவுகூர்கிறோம். அது பாதி உண்மை. 1928-க்குப் பின் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் அவர் தேடியது காந்தவியலை. சிறு படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்புவதை அளந்தார். காந்தப்புலத்தை கிராஃபைட் வலுவாக விலக்குவதற்கு, அதன் அடுக்குகளில் உலவும் எலக்ட்ரான்களே காரணம் என்று 1941-இல் விளக்கினார்.

உலோகங்களிலும் அத்தகைய எலக்ட்ரான்கள் உலவுகின்றன. அவை மின்சாரத்தைச் சுமப்பதோடு, விலகி நிற்கும் காந்த அணுக்களுக்கிடையே தூதும் செல்கின்றன. ஓர் அணு, தன்னைச் சூழ்ந்த எலக்ட்ரான்களின் தற்சுழற்சியைச் சாய்க்கிறது. அச்சாய்வு அலைபோல் பரவி, தொலைவுக்கேற்ப இன்னோர் அணுவின் காந்தத்தை ஒத்த திசையிலோ எதிர்த்திசையிலோ திருப்புகிறது. 1954 முதல் 1957 வரை ரூடர்மன், கிட்டல், கசூயா, யோசிடா ஆகியோர் இதற்குக் கணித வடிவம் தந்தனர்.

அப்போது கிருஷ்ணன் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தார், 1961-இல் மறைந்தார். தமிழிலும் அறிவியல் எழுதிய அவரை, அவருடைய சொந்த ஆய்வுகளால் நம் மாணவர்கள் அறிய வேண்டாமா?