கணிப்பொறி மேதை ஆலன் டூரிங்

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூரை இரயிலில் சென்றவர் யாவரும் அறிவர். அவ்வூரில் 1881-ஆம் ஆண்டு ஈதல் சாரா என்னும் பெண்மணி பிறந்தார். அவருடைய தந்தை சென்னை இரயில்வேயில் பொறியாளர். ஈதல் அம்மையார், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜூலியஸ் டூரிங்கை மணந்தார். மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தான். இளைய மகனே நம் ஆலன். இவர் 1912 ஜூன் 23-இல் இலண்டன் மாநகரில் பிறந்தார்.

தந்தைக்கு இந்தியாவில் பணி. ஆகவே சிறுவர் இருவரும் இங்கிலாந்தில் வேறொருவர் வீட்டில் விடப்பட்டனர். விடுதியில் தங்கிப் பயிலும் தோழியர் அத்துயரை அறிவீர்கள். 1926-இல் ஷெர்போர்ன் பள்ளிக்குப் புறப்பட்ட நாளில் நாடெங்கும் வேலைநிறுத்தம், இரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயது ஆலன் சுமார் 60 மைல் சைக்கிள் மிதித்துப் பள்ளி போய்ச் சேர்ந்தார்!

1936-இல், கேம்பிரிட்ஜில் இருந்தபோது, ஓர் அரிய கட்டுரை எழுதினார். நம் வீடுகளில் மாவரைக்க ஆட்டுக்கல், மசாலுக்கு அம்மி, நெல் குத்த உரல் என வேலைக்கொரு கருவி உண்டல்லவா? கணக்கிடும் இயந்திரங்களும் அவ்வாறே இருக்க வேண்டியதில்லை என்றார் டூரிங். ஓர் இயந்திரம் நடந்துகொள்ளும் விதத்தை நாடாவில் எழுதிக் கொடுத்தால், வேறோர் இயந்திரம் அதைப் படித்து அதுவாகவே நடந்துகொள்ளும் என நிரூபித்தார்.

இதன் பொருள் எனக்குச் சென்ற ஆண்டுதான் விளங்கிற்று. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் அப்பாவின் திராட்சைக் கணக்கு முழுவதும் டாஸ் முறைக்கு எழுதப்பட்ட பழைய நிரலில் இருந்தது. அந்தக் கணிப்பொறி பழுதாயிற்று. அண்ணன் வாங்கி வந்த புதியதோ லினக்ஸ், நிரல் அசையவில்லை. பத்து வருடக் கணக்கு போயிற்றே என்று அம்மா அழுதுவிட்டார்கள். அண்ணன் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளைப் போட்டான். அது பழைய கணிப்பொறியைப் போல் நடிக்கும். நிரலும் தான் பழைய வீட்டில் இருப்பதாக எண்ணி ஓடத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போரில் டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்றினார். போலந்து அறிஞர்கள் காட்டிய வழியில் அவர் வகுத்த பாம்பே இயந்திரம், ஜெர்மானியரின் எனிக்மா கருவிகள் 36 சேர்ந்தாற்போல் சுழன்று இரகசியக் குறிகளை உடைக்க உதவியது. போருக்குப் பின் சதுரங்கம் ஆட ஒரு நிரல் எழுதினார். அதை ஓட்டத் தகுந்த கணிப்பொறி அன்று இல்லை. எனவே 1952-இல் தாமே கணிப்பொறியாக அமர்ந்து, தாளில் கணக்கிட்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அரைமணி நேரம் செலவிட்டு ஆடினார். ஆட்டத்தில் தோற்றார் என்பது வேறு விஷயம்.

அதே ஆண்டு, ஓர் ஆணை நேசித்தார் என்பதற்காக அன்றைய ஆங்கிலச் சட்டம் அவரைத் தண்டித்தது. நாட்டைக் காத்தவருக்குக் கிடைத்த பரிசு இது! 1954 ஜூன் 7-இல், 41-ஆம் வயதில், நஞ்சினால் மாண்டார். தற்கொலை என்றது விசாரணை. இரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே தாய் நம்பினார். 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021-இல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது.

போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் இவற்றைக் காணவில்லை. ஆனால் 1959-இலேயே, எழுபது வயதைக் கடந்த நிலையில், மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார்.