துயரத்தைத் தோழமையாக்கிய பாடகர்

துன்பப் பாடலைக் கேட்டால் துன்பம் பெருகத்தானே வேண்டும்? ஆனால் நெஞ்சம் ஆறுதல் அடைகிறதே! இந்த விந்தையை எனக்கு உணர்த்தியவர் நிக் டிரேக் என்னும் ஆங்கிலப் பாடகர்.

1948 ஜூன் 19 அன்று பர்மாவின் இரங்கூனில் பிறந்தார். இங்கிலாந்தின் டான்வர்த்-இன்-ஆர்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தாயார் மாலி பியானோ வாசித்துத் தாமே பாடல் புனைபவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்ற நிக், படிப்பு முடிய ஒன்பது மாதங்களே இருக்கையில் இசைக்காக அதைத் துறந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த எனக்கு இது பெருந்திகைப்பு!

1969 முதல் 1972 வரை மூன்றே இசைத்தட்டுகள். ஒவ்வொன்றும் அன்று 5,000 பிரதிகள்கூட விற்கவில்லை. மேடையில் பாட்டுக்குப் பாட்டு கிட்டார் தந்திகளின் சுருதியை மாற்றுவார். அவையோர் பொறுமையிழந்து பேசத் தொடங்குவர். கூச்சம் மிகுந்த அவர் மேடையையே விட்டார். மூன்றாம் தட்டான ‘பிங்க் மூன்’ இரண்டே இரவுகளில் பதிவாயிற்று. முதற்பாட்டில் சிறிது பியானோ. மற்றபடி குரலும் கிட்டாரும் மட்டுமே.

மனச்சோர்வு அவரை வாட்டியது. 1974 நவம்பர் 25 அன்று, பெற்றோர் இல்லத்தில், மருந்தின் அளவு மீறி 26 வயதில் மறைந்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு கார் விளம்பரத்தில் ‘பிங்க் மூன்’ ஒலித்தது. உலகம் திரும்பிப் பார்த்தது.

அவர் குரல் அழுவதில்லை. அருகில் அமர்ந்து மெல்லப் பேசுகிறது. நம் துயரை அறிந்த இன்னொருவர் இருந்தார் என்பதே ஆறுதல். இத்தனை பேர் கேட்பார்கள் என்பதை அறியாமலே அவர் போய்விட்டார். நண்பர்களே, நம் வகுப்பிலும் மௌனமாகிவிட்ட தோழன் ஒருவன் இருக்கலாம். அவன் பாட்டை இன்றே கேட்போம்!