கல்கத்தாவில் அச்சான ஐரிஷ் அகராதி

அயர்லாந்து நாட்டின் மிகப் பழைய அகராதிகளில் ஒன்று, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1868-ஆம் ஆண்டு அச்சானது. எங்கே தெரியுமா, மாணவச் செல்வங்களே? அயர்லாந்தில் இல்லை, லண்டனிலும் இல்லை. நம் நாட்டில், கல்கத்தாவில்! அதைப் பதிப்பித்தவர் விட்லி ஸ்டோக்ஸ். வேலைக்காகக் கப்பலேறிச் சென்னைக்கு வந்த ஒரு வழக்கறிஞர்.

ஸ்டோக்ஸ் 1830 பிப்ரவரி 28 அன்று டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஸ்டோக்ஸ் பெரிய மருத்துவர். மருத்துவக் கல்லூரிப் பாடங்களில் அவர் பெயர் இன்றும் வருகிறது. அவருடைய நண்பர்களில் இருவர் ஐரிஷ் மொழியில் கரை கண்டவர்கள். ஒருவர் ஜான் ஓ டோனவன், மற்றவர் யூஜின் ஓ கரி. நம் ஊரில் ஓலைச்சுவடி போல அங்கே தோல் ஏடுகள். கன்றுத்தோலைப் பதப்படுத்தி அதில் எழுதுவார்கள். அந்த ஏடுகளைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிறுவன் விட்லி அப்படிப்பட்டவர்களைப் பார்த்து வளர்ந்தான்.

அந்தக் காலத்தில் ஐரிஷ் மொழியின் நிலை பரிதாபமானது. அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம்தான் பாட மொழி. பல ஊர்களில் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஐரிஷ் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அடி! பெற்றோர்களே இதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் தெரிந்தால்தான் பிழைப்பு என்று நினைத்தார்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழுகி, பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேலும் பலர் கப்பலேறிப் போனார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் ஐரிஷ் பேசிய ஏழை எளியவர்களே. அப்போது ஸ்டோக்ஸுக்கு 15 வயது.

டப்ளின் டிரினிடி கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பிறகு லண்டனில் சட்டம் படித்து 1855-இல் வழக்கறிஞரானார். மனம் மட்டும் பழைய ஏடுகளிலேயே இருந்தது. டிரினிடி கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்த ஜீக்பிரீட் என்ற ஜெர்மானியரிடம் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் முறையைக் கற்றார்.

பழைய ஐரிஷ் எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட லத்தீன் நூல்களின் ஓரங்களில்! அயர்லாந்துத் துறவிகள் லத்தீன் நூல்களைப் படிக்கும்போது, கடினமான சொற்களுக்கு மேலே தங்கள் மொழியில் பொருள் எழுதி வைத்தார்கள். நீங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதுகிறீர்களே, அதே வேலைதான். சுவிட்சர்லாந்தில் உள்ள ஓர் ஏட்டில் மை சரியில்லை, குளிர் தாங்கவில்லை என்றெல்லாம்கூட முணுமுணுத்திருக்கிறார்கள். புத்தகத்தில் கிறுக்காதே என்று யாராவது அவர்களைத் தடுத்திருந்தால் ஒரு மொழியின் பழைய வடிவமே நமக்குக் கிடைத்திருக்காது! (இதைச் சாக்காக வைத்து நூலகப் புத்தகத்தில் எழுதிவிடாதீர்கள்.)

இந்தக் குறிப்புகளைச் சமஸ்கிருதத்தோடு ஒப்பிட்டால் உறவு பளிச்சென்று தெரியும். ஐரிஷில் மூன்றுக்கு 'த்ரீ'; சமஸ்கிருதத்தில் 'திரி'. அரசனுக்கு அங்கே 'ரீ', இங்கே 'ராஜன்'. இரண்டும் ஒரே குடும்பம். நம் தமிழ் வேறு குடும்பம். அதை 1856-இல் பெரிய நூலாக எழுதி நிலைநாட்டிய கால்டுவெல்லும் அயர்லாந்தில் பிறந்தவரே. 1841-இல் சென்னையிலிருந்து நீலகிரி, கோவை வழியாகத் தெற்கே நடந்தே போனவர் அவர்.

ஸ்டோக்ஸுக்கு 1862 சோதனையான காலம். அதற்கு முந்திய டிசம்பரில் ஓ டோனவன் மறைந்திருந்தார். ஜூலையில் ஓ கரியும் போனார். அடுத்த ஜனவரியில் ஜீக்பிரீடும் காலமானார். வழிகாட்டிகள் மூவரும் இல்லை. அந்த 1862-இல்தான் ஸ்டோக்ஸ் பிழைப்புக்காக இந்தியா வந்தார். புதிதாகத் தொடங்கியிருந்த சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தொகுக்கும் வேலை கிடைத்தது. 1864-இல் கல்கத்தாவுக்கு மாறினார். மூல ஏடுகளோ கடலுக்கு அப்பால்! கையில் இருந்தவை படியெடுத்த தாள்கள் மட்டுமே. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டி வைத்திருப்பார்.

ஸ்டோக்ஸ் விடவில்லை. பகலில் சட்டம், மற்ற நேரத்தில் ஐரிஷ். பழைய குறிப்புகளைத் திரட்டி 1866-இல் கல்கத்தாவிலேயே நூலாக்கினார். 1872-இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். முதலில் சொன்னேனே, அந்த அகராதி கோர்மாக் என்ற அரசர் தொகுத்ததாகச் சொல்லப்படுவது. கோர்மாக் இறந்தது 908-இல். மொழிபெயர்த்தவர் வேறு யாருமல்ல, மறைந்த ஓ டோனவன்தான். அவர் கையெழுத்தாக விட்டுப்போனதை ஸ்டோக்ஸ் சரிபார்த்து, குறிப்புகள் சேர்த்து அச்சேற்றினார்.

சட்ட வேலையிலும் அவர் சோடை போகவில்லை. 1877 முதல் 1882 வரை வைஸ்ராய் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினர். பக்கத்துத் தோட்டம் வழியாக வண்டித்தடம் போகும் உரிமை, வாய்க்காலில் தண்ணீர் கொண்டுபோகும் உரிமை ஆகியவற்றைச் சொல்லும் சட்டம் 1882-இல் அவர் காலத்தில் வந்தது. முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. தடத் தகராறு என்றால் நம் பக்கத்து நீதிமன்றங்களில் இன்றும் அந்தச் சட்டம்தான்.

அவர் மகள் மேவ் இன்னும் சுவாரசியம்! பழைய ஐரிஷ் கதையில் வரும் ஒரு ராணியின் பெயர் அது. சிறுமியாக இருந்தபோதே வீட்டு ஆயாக்களும் பணியாள் கரீமும் சொன்ன கதைகளை எழுதி வைத்தாள். தாய் கேட்டு வைத்தவையும் சேர்ந்து மொத்தம் 30 கதைகள். 1879-இல் கல்கத்தாவில் அவை புத்தகமாயின.

1882-இல் ஸ்டோக்ஸ் ஊர் திரும்பினார். புனித பாட்ரிக் வரலாற்றை 1887-இல் பதிப்பித்தார். அதே ஆண்டுதான் இங்கே உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஸ்டோக்ஸுக்கு நாக்கும் பேனாவும் கூர்மை. பிறர் பிழைகளைக் கடுமையாகத் தாக்கிப் பகை தேடிக்கொண்டார். அது அவருடைய குறைதான். ஆனாலும் ஜான் ஸ்ட்ராகன் என்பவரோடு கூடி உழைத்தார். 1901 முதல் 1903 வரை, ஏட்டோரக் குறிப்புகள் அனைத்தையும் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்கள். பல்கலைக்கழகங்களில் பழைய ஐரிஷ் படிப்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

1909 ஏப்ரல் 13 அன்று லண்டனில் ஸ்டோக்ஸ் காலமானார். அவருடைய புத்தகங்களை மகள்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். கைப்பட எழுதிய குறிப்பேடுகள் எங்கே என்பது மட்டும் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. சுமார் நூறு ஆண்டு கழித்து, ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் அவை இருப்பதை ஓர் ஐரிஷ் பேராசிரியர் கண்டுபிடித்தார். ஏறக்குறைய 150 நோட்டுகள்!