விந்தணுவைப் பார்த்தவர் கருமுட்டையை நம்ப மறுத்தது ஏன்? லீவன்ஹூக் என்ற துணிக்கடைக்காரரின் கதை

பள்ளி உயிரியல் புத்தகத்தில் வரும் அந்தப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். நடுவில் பெரிய உருண்டையாகக் கருமுட்டை. அதைச் சுற்றி வாலை ஆட்டிக்கொண்டு குட்டிக் குட்டி விந்தணுக்கள். இதில் விந்தணுவை உலகுக்கு முதலில் தெரிவித்தவர் டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. துணி விற்றவர்.

ஆன்டனி வான் லீவன்ஹூக், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632-ல் பிறந்தார். அப்பா கூடை முடைபவர், மகன் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் போய் துணி வியாபாரம் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பிக் கடை போட்டார். டச்சு தவிர வேறு மொழி தெரியாது. ஆனால் லென்ஸ் தேய்ப்பதில் அவரை அடிச்சுக்க ஆளில்லை. கட்டைவிரல் நீளமே உள்ள அவருடைய மைக்ராஸ்கோப் ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கியது.

1673-ல் அவரை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிமுகப்படுத்தியவர் அதே ஊர் மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1677-ல் ஒரு மருத்துவ மாணவர், பால்வினை நோயாளி ஒருவரின் விந்துவைக் கொண்டுவந்து காட்டினார். நோயால் வந்த கிருமிகளோ என்ற சந்தேகம். அதனால் லீவன்ஹூக் தன்னுடையதையே பார்த்தார். அதிலும் அதே வால் முளைத்த உயிரிகள். அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு கூச்சமான விஷயம் பாருங்க! மனைவியுடனான உறவில் கிடைத்ததுதான், பாவகாரியம் எதுவும் செய்யவில்லை என்று கடிதத்தில் விளக்கம் சொன்னார். அநாகரிகமாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

பிறகு நாய், முயல், மீன், பூச்சி என்று தேடித் தேடிப் பார்த்தார். எல்லாவற்றிலும் விந்தணு. இங்கேதான் சறுக்கினார். குழந்தையாகப் போவது முழுக்க விந்தணுதான், தாய் தருவது உணவும் இடமும் மட்டுமே என்று முடிவு கட்டினார். ஆண் விதை, பெண் நிலம் என்று நம் ஊரில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

டி கிராஃப் 1672-லேயே பெண்ணின் சினைப்பையில் உள்ள கொப்புளங்களை விவரித்து, அவையே முட்டை என்று சொல்லியிருந்தார். அடுத்த வருஷமே 32 வயதில் இறந்தும்போனார். இவ்வளவு பெரிய கொப்புளம் அந்தக் குறுகிய குழாய்க்குள் எப்படிப் போகும் என்று லீவன்ஹூக் மடக்கினார். நியாயமான கேள்விதான். கொப்புளம் முட்டை இல்லை. முட்டை அதற்குள் இருக்கிறது. சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியக்கூடியது. பாலூட்டியின் கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் ஒரு நாயிடம் கண்டுபிடிக்க 1827 வரை ஆனது. விந்தணுவும் முட்டையும் இணைவதை, அவற்றின் உட்கருக்கள் ஒன்றுசேர்வதோடு ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியில் காட்டியது 1876-ல். உட்கருவில் இருக்கும் மரபுப் பொருளில் தாயின் பங்கு பாதி என்பது அதன் பிறகுதான் தெளிவானது.

அப்போ ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு ஏன்? ஜெஃப்ரி பார்க்கரும் இரு சகாக்களும் 1972-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஆதியில் இரு பக்க அணுக்களும் ஒரே அளவில் இருந்திருக்கும். கிளாமிடோமோனஸ் பாசியின் பல இனங்களில் இன்றும் அப்படித்தான். கையில் இருக்கும் மாவு ஒரே அளவு என்று வையுங்கள். குட்டி குட்டியாக உருட்டினால் எண்ணிக்கை கூடும், துணையைச் சந்திக்கும் வாய்ப்பும் கூடும். பெரிதாக உருட்டினால் கருவுக்குச் சேமிப்பு கிடைக்கும், அது பிழைக்கும். நடுத்தர அளவு இரண்டிலும் தோற்றுப்போகும். தலைமுறை தலைமுறையாக இரு ஓரங்கள் மட்டுமே மிஞ்சின.

முட்டையின் பெரும்பகுதி சேமிப்பு என்ற அளவில் லீவன்ஹூக் நினைத்தது தப்பில்லை. அது வெறும் சேமிப்பு மட்டும்தான் என்றதுதான் தப்பு. 1723-ல், 90 வயதில் இறக்கும்வரை அவர் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.