எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (1895 - 1948) இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் பீமவரத்தில் பிறந்த இவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபின் அமெரிக்கா சென்றார். அங்கு லெடர்லி ஆய்வகத்தில் இவர் தலைமையில் ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகள் உருவாயின. அவற்றுள் அமினோப்டெரினை மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1947-48இல் இரத்தப் புற்றுநோயுற்ற 16 சிறுவர்களுக்கு அளித்தார். 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டது.

இம்மருந்துகள் எலும்பு மச்சை, வாய், குடல் ஆகியவற்றின் நல்ல உயிரணுக்களையும் தாக்குகின்றன. எனினும் பாதிப்பு எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. இவ்வகையைச் சேர்ந்த மெத்தோடிரெக்சேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகச் செயற்பாடு குன்றியவர்களுக்குக் கடும் பக்கவிளைவுகள் நேரக்கூடும். எனவே இதனை உயர் அளவில் அளிக்கும்போது குருதியில் எஞ்சும் மருந்தை அளந்து, இடருக்கு உள்ளாகக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிந்து, ஃபோலினிக் அமிலத்தைக் கூடுதலாகத் தருகின்றனர்.