ஏ. எம். எம். முருகப்ப செட்டியார்

ஏ. எம். எம். முருகப்ப செட்டியார் (1902 - 1965) தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலதிபர் ஆவார். வட்டித்தொழிலில் வளர்ந்த முருகப்பா குழுமத்தை ஆலைத்தொழிலுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். அம்பத்தூரின் மிதிவண்டித் தொழிற்சாலையும் திருவொற்றியூரின் சாணைக்கல் தொழிற்சாலையும் இவர் காலத்தில் தோன்றியவை.

பின்னணி

இவரது குடும்பம் சிவகங்கை மாவட்டம் பள்ளத்தூரைச் சேர்ந்தது. குடும்பத்தின் மூத்தவரான திவான் பகதூர் அ. மு. முருகப்ப செட்டியார் பர்மாவின் மோல்மீனில் வட்டிக்கடை நடத்தினார். 1942இல் பர்மா சப்பானியர் வசமானபோது நகரத்தார் பலர் தம் சொத்துகளை இழந்தனர். இக்குடும்பம் அதற்கு முன்னரே முதலின் பெரும்பகுதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்திருந்தது. அம்முதலை எத்தொழிலில் இடுவது என்பதே அடுத்த தலைமுறையின் முன் நின்ற கேள்வி.

மிதிவண்டித் தொழில்

விடுதலைக்கு முன் இந்தியாவில் ஓடிய மிதிவண்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1949இல் அந்நாட்டின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக டி. ஐ. சைக்கிள்ஸ் ஆப் இந்தியா நிறுவப்பட்டது. திவான் பகதூர் மறைந்ததும் அதே ஆண்டில்தான். 1951இல் அம்பத்தூரில் முதல் எர்குலிசு வண்டி உருவானது.

பிரித்தானிய எர்குலிசு பந்தயத்திலும் பெயர் பெற்றது. 1955ஆம் ஆண்டின் பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் (டூர் டி பிரான்சு) கலந்துகொண்ட பிரித்தானிய அணியில் அதன் வீரர்கள் பலர் இருந்தனர். பந்தய வண்டிகளுக்குப் புகழ்பெற்ற ரெனால்ட்சு 531 குழாயும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழும நிறுவனம் ஒன்றின் தயாரிப்பே. ஆனால் அம்பத்தூரின் அடையாளமாக அமைந்தது பந்தய வண்டி அன்று. 28 அங்குலச் சக்கரமும் கம்பித் தடையும் கொண்ட கனமான கறுப்பு வண்டியே. சுமைக்கும் மேடுபள்ளமான சாலைக்கும் அதுவே ஏற்றது.

வண்டியை மட்டுமன்றி அதன் பாகங்களையும் உள்நாட்டில் செய்யும் நிலை படிப்படியாக உருவானது. 1955இல் ஆவடியில் எஃகுக் குழாய்த் தொழிற்சாலையும், 1960இல் அமெரிக்கக் கூட்டுடன் சங்கிலித் தொழிற்சாலையும் அமைந்தன. இருக்கை, டைனமோ விளக்கு ஆகியவற்றுக்கும் தனி நிறுவனங்கள் இருந்தன.

திருவொற்றியூர்

1954இல் அமெரிக்க, பிரித்தானிய நிறுவனங்களுடன் இணைந்து கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் அமைந்த இதன் ஆலை சாணைக்கற்களைத் தயாரித்தது. உலோகத்தைத் தீட்டவும் மெருகேற்றவும் இவை இன்றியமையாதவை. இதனால் வடசென்னைத் தொழிற்பகுதிக்கு ஓர் அடிப்படைத் தொழில் கிடைத்தது.

பழைய வண்டிகளைச் சீரமைத்தல்

பாகங்கள் ஒவ்வொன்றாக உள்நாட்டுமயமானது பழைய வண்டிகளைச் சீரமைப்போருக்கு இன்று வழிகாட்டியாக உள்ளது. 1950களின் தொடக்க வண்டியில் ஆங்கிலேயத் தயாரிப்பு முத்திரை கொண்ட பாகம் இருந்தால் அது பிற்காலத்தில் மாட்டப்பட்டது என்று கருத வேண்டியதில்லை. மாறாக, டி. ஐ. டைமண்ட் சங்கிலி இருந்தால் அது 1960க்குப் பின் மாற்றப்பட்டதாகும். எனவே பாகங்களின் முத்திரைகளைக் குறித்துக்கொண்ட பின்னரே உப்புத்தாளால் துருவை நீக்குவது நன்று. முழுவதும் தேய்த்துப் புது வண்ணம் பூசினால் வண்டியின் காலத்தைக் காட்டும் சான்றுகள் அழிந்துவிடும்.

மறைவு

முருகப்ப செட்டியார் 1965இல் காலமானார். பின்னர்ச் சகோதரர் ஏ. எம். எம். அருணாசலம் குழுமத்தை வழிநடத்தினார். ஊரகத் தொழில்நுட்ப ஆய்வுகளுக்கு அறியப்பட்ட, சென்னைத் தரமணியிலுள்ள முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.